குழுவுக்கு நான் அனுப்பும் மின்னஞ்சல் எனக்கு மட்டும் வருவதில்லை, உதவி தேவை

தேனீப்பெட்டி, மார்த்தாண்டம்
எங்கள் பக்கத்தில் தேனீ வளர்ப்பவர்களுக்காக மெயில்மேன் 2.1 என்ற மென்பொருளில் ஒரு மின்னஞ்சல் குழு ஓடுகிறது. ரப்பர் தளிர்விடும் நேரம், பெட்டி வைக்கத் தோட்டம் இருக்கா, தேன் எப்போது எடுக்கலாம் என்று ஒரே பேச்சு. மற்றவர்கள் எழுதுவதெல்லாம் என் ஜிமெயிலுக்கு வருகிறது. நான் எழுதியது மட்டும் இன்பாக்ஸில் காணோம். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் மறுபடி அனுப்பினால், குலசேகரத்து அண்ணன் ஒருவர் போன் போட்டு "ஒரே விஷயத்த எத்தன தடவ மக்கா சொல்லுவ?" என்கிறார். எதை மாற்ற வேண்டும்?

குளச்சல்காரன்
உங்கள் உறுப்பினர் பக்கத்தில், சொந்தக் கடிதங்களையும் பெற விருப்பமா என்று ஒரு தேர்வு இருக்கும். 'இல்லை' என்றிருந்தால் வராது.

தேனீப்பெட்டி
'ஆம்' என்றுதான் கிடக்கு அண்ணே.

பார்வதிபுரம் அக்கா
அப்படியானால் மெயில்மேன் அனுப்பத்தான் செய்கிறது, ஜிமெயில் காட்டவில்லை. ஒவ்வொரு மின்னஞ்சலின் தலைப்பகுதியிலும் மெசேஜ்-ஐடி என்று ஓர் அடையாளம் உண்டு. குழு வழியாகச் சுற்றி வந்தாலும் அது மாறாது. அனுப்பியவற்றில் அதே ஐடியோடு ஒரு பிரதி ஏற்கெனவே இருப்பதால், திரும்பி வருவதை ஜிமெயில் இரண்டாம் பிரதியாக எண்ணி இன்பாக்ஸில் வைக்காது. யாராவது பதில் போட்டால் அந்த உரையாடலோடு உங்களுடையதும் மேலே வரும்.

போய்ச் சேர்ந்ததா என்பதுதானே கவலை தம்பி? அதே பக்கத்தில், அனுப்பியதற்கு ஒப்புகை கேட்கும் தேர்வை 'ஆம்' ஆக்குங்கள். ஒப்புகை தனிக் கடிதம், ஐடியும் வேறு, அதனால் இன்பாக்ஸுக்கே வரும். எனக்கென்னவோ குழுவின் பழைய கடிதச் சேமிப்பைத் திறந்து பார்ப்பதுதான் சுலபம். தினமும் ஒப்புகை வந்து குவிவது எரிச்சல்.

குளச்சல்காரன்
இன்னொன்று. 'இரட்டைப் பிரதி தவிர்' என்பது 'ஆம்' ஆக இருந்து, பதில் போடுபவர் உங்கள் முகவரியையும் பெறுநரில் சேர்த்தால், குழுவின் பிரதி உங்களுக்கு வராது, அவர் நேரே அனுப்பியதுதான் வரும். அதன் தலைப்பில் குழுப் பெயர் இல்லாமல் போகலாம். குழப்பமாக இருந்தால் அதை 'இல்லை' ஆக்குங்கள்.

தேனீப்பெட்டி
ஒப்புகை வந்துட்டு அக்கா! எல்லாருக்கும் இதையே வைக்க முடியுமா?

பார்வதிபுரம் அக்கா
புதிதாகச் சேர்பவர்களுக்கு நிர்வாகி முன்கூட்டியே வைத்துவிடலாம். பழைய ஆட்களுக்கு, உறுப்பினர் பட்டியலில் ஒவ்வொருவர் முகவரிக்கு நேரேயும் ஒப்புகைக்கென்று உள்ள 'ack' கட்டத்தில் டிக் போட்டுச் சேமித்தால் போதும். ஆனால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.