எருமைத் தயிர் ஒன்றும் செய்யாது என்றார்கள்

மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறோம். என் மகளுக்கு நான்கு வயது. பசுப்பால் ஒவ்வாமை, கரப்பான் என்னும் தோல் அழற்சி, முட்டு என்னும் ஆஸ்துமா மூன்றும் அவளுக்கு உண்டு. சென்ற ஆண்டு உறவினர் வீட்டுக்குச் சட்டித் தயிர் வந்தது. "பசுப்பால்தானே பிள்ளைக்குக் கூடாது, இது எருமைத் தயிர், ஒன்றும் செய்யாது" என்று மாமி ஆசையோடு இரண்டு கரண்டி ஊட்டிவிட்டார். எருமைப்பால், ஆட்டுப்பால் இரண்டின் புரதமும் பசுப்பாலினுடையதை ஒத்தது என்பது எங்களில் எவருக்கும் தெரியாது.

பத்து நிமிடத்துக்குள் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, இருமல் விடவில்லை. முதலில் ஓடிய இடத்தில் ஒவ்வாமைப் பாணி மருந்தைக் கொடுத்து, காத்திருக்கச் சொன்னார்கள். அது சொறியைத்தான் தணிக்கும். மூச்சுக்குழாய் இறுகுவதைத் தடுக்காது. இரண்டாவது இடத்தில் தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் ஊசி ஏற்றிய பிறகுதான் பிள்ளை மூச்சு விட்டாள். சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம் என்று இரவு முழுவதும் வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிந்திய மாதங்கள்தான் என்னை வாட்டின. தோலுக்கு ஒரு வைத்தியர், முட்டுக்கு ஒருவர், உணவுக்கு ஒருவர். ஒருவர் முட்டையையும் நிறுத்து என்றார், மற்றவர் கொடு என்றார். அவர்களுக்கிடையே செய்தி சுமந்தவள் நான். கடைசியில் ஒரு குழந்தை வைத்தியர் எல்லாக் கொப்பிகளையும் மேசையில் விரித்து, மற்றவர்களோடு தொலைபேசியில் பேசினார். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் இரத்தப் பரிசோதனை செய்வித்து, முட்டை பிரச்சினையில்லை என்று முடிவுசெய்தார். பாலுக்குப் பதிலாக முள்ளோடு நெத்தலியும் கீரையும் என்றார் போசணை நிபுணர். முட்டு அடங்காத பிள்ளைக்கு ஒவ்வாமை வந்தால் ஆபத்து கூடும் என்பதால் முட்டு மருந்தை உள்ளிழுக்கும் பம்பை ஒருநாளும் தவறவிடுவதில்லை. கரப்பானும் இப்போது ஆறிவிட்டது. எல்லாவற்றையும் அந்தக் குழந்தை வைத்தியர் ஒரே தாளில் எழுதித் தந்தார்: எடை 15 கிலோ, அட்ரினலின் 0.15 மில்லிகிராம், ஐந்து நிமிடத்தில் குணமில்லையென்றால் இன்னொன்று.

பதில், திருக்கோவிலில் இருந்து ஒரு பாலர் பாடசாலை ஆசிரியை:

சகோதரி, உங்கள் எழுத்தை இரண்டு முறை வாசித்தேன். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இறாலால் இப்படி வந்தபோது, காற்றுப் படட்டும் என்று எழுப்பி நடத்திச் சென்றோம். அது பெரும் பிழை. படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும், மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம், நடக்கவிடவே கூடாது என்று பின்னர்தான் அறிந்தேன். இன்றும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. இப்போது அந்தப் பிள்ளையின் தாளும் எங்கள் அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது.