கோவையிலிருந்து சர்ஃப் பலகையோடு பறந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் கோத்தகிரி. மகள் விடுமுறைக்கு விடுமுறை சென்னை கோவளம் போய் சர்ஃபிங் பழகியவள். ஆகஸ்டில் அவளை இலங்கை அறுகம்பைக்கு அழைத்துப் போகிறேன். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே நல்ல அலை. கோவை–சென்னை, சென்னை–கொழும்பு இரண்டுமே மலிவு விமானம், தனித்தனி டிக்கெட்.

பலகை 6 அடி 2 அங்குலம், கிட்டத்தட்ட 188 செ.மீ. எடை ஒரு விஷயமே இல்லை, நீளம்தான் தொல்லை. போன முறை விளையாட்டுச் சாமானுக்கான கட்டணத்தைக் கட்டிய பிறகும் கவுன்டரில் அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தால் வால் பக்கம் விரிசல். மேலே ஃபைபர் கிளாஸ் என்றாலும் உள்ளே நுரைதானே. விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கினால் பலகையே கனத்துப் போகும். பிள்ளை அன்று சாப்பிடவில்லை.

இந்த முறை பலகைக்கு அடியில் இருக்கும் துடுப்புகளை (ஃபின்) கழற்றிவிட்டு, மூக்குக்கும் வாலுக்கும் குழாய்க்குச் சுற்றும் ஃபோம் வைத்து, மேலே பபிள் ராப் சுற்றலாம் என்றிருக்கிறேன். இது போதுமா? தனி டிக்கெட் என்றால் சென்னையில் பலகையைத் திரும்ப எடுத்து, அடுத்த விமானத்துக்கு மறுபடி பணம் கட்ட வேண்டுமா? அப்புறம், ஏடிஆர் போன்ற சின்ன விமானத்தில் இந்த நீளத்தை ஏற்றுவார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று: மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இதை ஏற்ற முடியாது. ஆகஸ்ட் முதல் வாரம் கேரியர் வைத்த வண்டியில் கோவைக்கு இறங்குபவர்கள் இருந்தால் தெரியப்படுத்துங்கள், டீசல் செலவைப் பகிர்ந்துகொள்கிறோம்.