சில காலைகளில் தூண்டிலை எடுக்கவே மனசு வரவில்லை, என்ன செய்யலாம்?

உச்சிப்புளிக்காரன்:

வணக்கம். வீடு உச்சிப்புளி, வேலை ராமநாதபுரத்தில் ஒரு கடையில். தூண்டில் போடுவது சின்ன வயதிலிருந்தே பழக்கம், சித்தப்பாதான் கைத்தூண்டிலில் கற்றுக்கொடுத்தார், இப்போது ராடு, ரீல் என்று வந்துவிட்டேன். வருமானத்துக்குப் போவதில்லை. கிடைத்தால் வீட்டுக் குழம்புக்கு, மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்கு.

பிரச்சினை என்னவென்றால், கொஞ்ச மாதமாகச் சில நாள் காலையில் போகவே மனசு வருவதில்லை. முந்தின ராத்திரியே புதுத் தூண்டில் நரம்பு சுற்றி, முள் கட்டி, இறாலை ஐஸில் போட்டு எல்லாம் தயாராக வைத்திருப்பேன். நாலரைக்கு அலாரம் அடிக்கும், முழிப்பும் வந்துவிடும், ஆனால் எழுந்திருக்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். போகாமல் விட்டால் அன்று முழுக்கக் கடையில் நிற்கும்போது உறுத்துகிறது. கட்டாயப்படுத்திக்கொண்டு போனாலோ, நாலு வீச்சு வீசுவதற்குள் திரும்பிவிடத் தோன்றுகிறது.

எல்லா நாளும் இப்படி என்றால் ஆசை விட்டுப்போச்சு என்று முடிவு பண்ணிவிடலாம். அப்படியும் இல்லை. சில நாள் அலாரத்துக்கு முன்னாடியே எழுந்து பைக்கை எடுத்துவிடுகிறேன். சீக்கிரம் படுத்துப் பார்த்தேன், புது லூர் (செயற்கை இரை) வாங்கிப் பார்த்தேன், எதுவும் சரிவரவில்லை. இதை விட்டுவிட எனக்கு மனசில்லை. இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா? எப்படிச் சரி செய்தீர்கள்?

பாம்பன் தங்கூசி:

தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம். எந்த இடத்தில் வீசுகிறீர்கள்? தனியாகப் போகிறீர்களா, கூட ஆள் உண்டா? மனசு வராத நாட்களில் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா?

உச்சிப்புளிக்காரன்:

அண்ணே, இடம் எப்போதும் அரியமான்தான். பைக்கில் போனால் சீக்கிரம் போய்விடலாம், நிறுத்தவும் வசதி. முன்னே சித்தப்பாவோடு போவேன், அவர் குவைத் போனதிலிருந்து தனியாகத்தான். காற்றை நான் அப்படிக் கவனித்து வைக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட பிறகு யோசித்தால், இந்தக் கோளாறு ஐப்பசிக்குப் பிறகுதான் அதிகமாயிருக்கிறது. ஆனி, ஆடியில் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

மண்டபம் முகாம் 86:

சகோ, நான் நேராகச் சொல்கிறேன், இது பழக்கம் விட்டுப்போன கோளாறுதான். அலாரத்தைத் தலைமாட்டில் வைக்காதீர்கள், எழுந்து நடந்துபோய் அணைக்கிற மாதிரி வையுங்கள். முகம் கழுவி வாசலைத் தாண்டிவிட்டால் மனசு தானாக வரும். எனக்கு இது வேலை செய்தது.

கீழக்கரை காக்கா:

மண்டபம் தம்பி சொல்வது தூக்கக் கலக்கத்துக்குச் சரி. ஆனால் இவர் முழித்துத்தான் கிடக்கிறேன் என்கிறார். எழுந்து போன நாளிலும் திரும்பிவிடத் தோன்றுகிறது என்கிறார். அப்படியானால் கோளாறு கட்டிலில் இல்லை, கரையில் இருக்கிறது.

உச்சிப்புளித் தம்பி, நீங்களே பாதி விடையைச் சொல்லிவிட்டீர்கள். ஐப்பசிக்குப் பிறகு அடிப்பது வாடை. வடகிழக்கிலிருந்து வருகிற காற்று, அரியமான் இருப்பது வடகடலில், அதாவது பாக் விரிகுடாப் பக்கம். காற்று நேராகக் கரையில் வந்து அடிக்கும். வடகடலோ ஆழமில்லாத கடல், பல இடங்களில் பத்து மீட்டர்கூடக் கிடையாது, அதனால் இரண்டு நாள் வாடை தொடர்ந்து அடித்தாலே அடிச்சேறு கிளம்பித் தண்ணீர் கலங்கிப்போகும். தாழை, அதாவது கடற்புல், பிய்ந்து வந்து கரை முழுக்க ஒதுங்கும். வீசுகிற ஒவ்வொரு தடவையும் நரம்பில் தாழை சுற்றும், ஈயக் குண்டில் தாழை தொங்கும், அதைப் பிய்த்துப் போடுவதற்கே நேரம் சரியாக இருக்கும். பாரையும் ஊளியும் இரையைக் கண்ணால் பார்த்து விரட்டி அடிக்கிற மீன்கள், கலங்கின தண்ணீரில் உங்கள் லூர் அதுகளுக்குத் தெரியவே போவதில்லை. எதிர்க்காற்றில் கிழங்கான் மீனுக்குப் போடுகிற சின்ன ஈயமும் போய்ச் சேராது. இப்படிப்பட்ட காலைகள் வரிசையாக வந்தால் மனசு எப்படி வரும்? படுக்கையிலேயே ஜன்னல் வழியாகத் தென்னை ஓலைச் சத்தம் காதில் விழுந்திருக்கும், போனால் என்ன நடக்கும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கும். அதைச் சோம்பல் என்று நினைத்து மனசைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நம் ஜில்லாவுக்கு அல்லாஹ் கொடுத்த பெரிய வசதி, இரண்டு கடல் இருக்கிறது. வாடை அடிக்கிற மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற வைகாசியிலிருந்து ஆவணி வரை அப்படியே தலைகீழ், தெற்கே மன்னார் வளைகுடா சீறும், வடக்கே குளம் மாதிரி கிடக்கும். ஆனி ஆடியில் அரியமானில் நன்றாக இருந்தது என்றீர்களே, காரணம் இதுதான். உச்சிப்புளியிலிருந்து வடக்கே போகிற தூரம்தான் தெற்கே புதுமடத்துக்கும். வண்டியை மறுபக்கம் திருப்புங்கள், அவ்வளவுதான்.

ராத்திரி படுக்கும் முன் இன்காய்ஸ் என்கிற மத்திய அரசின் கடல் தகவல் மையம் போடுகிற காற்று, அலை முன்னறிவிப்பை ஒரு தடவை பாருங்கள், செல்போனிலேயே வரும். எந்தக் கடல் என்று ராத்திரியே முடிவு பண்ணிவிட்டுப் படுங்கள். இரண்டு பக்கமும் மோசம் என்றால் அலாரம் வைக்காதீர்கள், நிம்மதியாகத் தூங்குங்கள். நாலரை மணிக்குப் படுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று விவாதம் பண்ணினால் படுக்கைதான் ஜெயிக்கும்.

இன்னொன்று, தென்கடல் பக்கம் போகும்போது தீவுகளுக்கு யாராவது வள்ளத்தில் கூப்பிட்டால் போய்விடாதீர்கள். 1986இலிருந்து அது தேசியப் பூங்கா, வனத்துறை பிடித்தால் வம்பு, பவளப்பாறைக்கும் கேடு. கரையிலிருந்தே வேண்டிய அளவு கிடைக்கும்.

சின்னப்பாலம் பாசிக்காரி:

தம்பி, நாங்கள் கடலில் இறங்கிக் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள், எங்களுக்கு அது பிழைப்பு, உங்களுக்கு அப்படி இல்லை, ஆனாலும் சொல்லத் தோன்றியது. எங்களுக்கும் மனசு வராத காலை உண்டு. விரலில் சுற்றுகிற துணியை எடுக்கும்போதே போன நாள் பாறையில் கிழிந்த இடம் எரியும். ஆனால் எங்கள் தெருவில் யாரும் தனியாகக் கிளம்புவதில்லை. முதலில் எழுந்தவள் அடுத்த வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவாள், அவள் அடுத்தவளைக் கூப்பிடுவாள், நான் வரவில்லை என்று சொல்ல வாய் திறப்பதற்குள் தண்ணீருக்குள் பார்க்கிற கண்ணாடியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கடலில் இறங்கியதும் பேச்சும் சிரிப்புமாக வலி மறந்துபோகும். அதில் எனக்கு மனசு இருந்ததா இல்லையா என்று யோசிக்கிற நேரமே வந்ததில்லை.

அதே மாதிரி போகக்கூடாத நாளும் நாங்களே வைத்திருக்கிறோம். மாதம் முப்பது நாளும் இறங்குவதில்லை, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி 12 நாள்தான். மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டிக் கொஞ்ச நாள் முழுவதுமாக விட்டுவிடுவோம், பாசி மறுபடி தழைக்க வேண்டும் இல்லையா. போகாத நாள் போகாத நாள்தான், அன்றைக்கு யாருக்கும் உறுத்தாது. உங்களுக்குத் தினமும் போகலாம் என்று இருப்பதால்தான் போகாத ஒவ்வொரு நாளும் குற்றமாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். சித்தப்பா போன பிறகு கூப்பிட ஆளில்லை, அதுதான் எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது.

தொண்டி டு விஸ்கான்சின்:

சொந்த ஊர் தொண்டி, இப்போது இருப்பது அமெரிக்காவில் விஸ்கான்சின். இங்கே நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் துப்பாக்கி மான் வேட்டைக் காலம், உரிமம் எடுத்துக்கொண்டு ஊரே காட்டுக்குப் போகும். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நினைத்துக்கூடப் பார்க்க முடியாத விஷயம், இங்கே வெள்ளைவால் மான் பெருத்துக் கிடப்பதால் அரசே காலம் குறித்து அனுமதிக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவரோடு நானும் போகிறேன்.

ஒன்பதே நாள், வருஷம் முழுக்கக் காத்திருந்து வருகிற நாள், அப்படியும் சில காலை எழ மனசு வராது. வெளியே உறைபனி, இருட்டு, மரத்தில் கட்டின பரணில் அசையாமல் உட்கார வேண்டும். முதலில் நானும் உங்களைப் போலத்தான் என்னை நொந்துகொண்டேன். பெரியவர் சொன்னது இதுதான்: காற்று தப்பாக இருக்கிற காலையில் அந்தப் பரணுக்குப் போகவே கூடாது. மனித வாடை மான் வருகிற பக்கம் போனால் அன்றைக்கு வராதது மட்டுமில்லை, அந்த இடத்தையே அது சந்தேகப்பட ஆரம்பித்துவிடும். அதனால் இங்கே நல்ல வேட்டைக்காரர்கள் காற்றுக்குத் தகுந்த மாதிரி இரண்டு மூன்று இடம் வைத்திருப்பார்கள், எதுவும் ஒத்துவராவிட்டால் வீட்டில் இருப்பார்கள். காக்கா சொன்ன வடகடல், தென்கடல் கணக்கைப் படித்தபோது எனக்கு அவர்தான் ஞாபகம் வந்தார்.

ஆனால் வேறொரு காரணமும் உண்டு, அதையும் உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். ஒரு வருஷம் நான் சுட்ட மான் உடனே சாகவில்லை, தேடிக்கொண்டு இருட்டுகிற வரை அலைந்தோம். அடுத்த வருஷம் எனக்குக் காலையில் கால் எழாததற்குக் குளிர் காரணமே இல்லை, அதுதான் காரணம். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. துப்பாக்கி இல்லாமல் வெறுமனே போய் உட்கார்ந்து வந்தேன் சில காலை, மெதுவாகச் சரியானது. உங்களுக்கும் மீனைக் கொல்வதில் ஏதாவது உறுத்தல் வந்திருந்தால் அதற்கு அலாரமோ லூரோ மருந்தில்லை. தேவைக்கு மேல் பிடித்ததைக் கடலிலேயே விட்டுவிட்டுப் பாருங்கள்.

வெள்ளைப் புறா:

நான் செவிலியராக இருக்கிறேன். எல்லாரும் கடலைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள், நான் ஒன்று மட்டும் கேட்கிறேன். தம்பி, தூண்டிலுக்கு மட்டும்தான் மனசு வரவில்லையா, இல்லை சாப்பாடு, வேலை, நண்பர்களோடு பேசுவது எல்லாவற்றிலும் பிடிப்பு விட்டுப்போன மாதிரி இருக்கிறதா? விடிகாலையில் முழித்துக்கொண்டு மனசு கனத்துக் கிடப்பது இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி மையத்தின் 14416 எண்ணுக்குக் கூப்பிடலாம், இலவசம், தமிழில் பேசலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் காக்கா சொன்னபடி தெற்கே கிளம்புங்கள்.

உச்சிப்புளிக்காரன்:

எல்லாரும் இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அக்கா, சாப்பாடு, வேலை எல்லாம் சரியாக இருக்கிறது, எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டேன். விஸ்கான்சின் அண்ணே, மீனைக் கொல்வதில் எனக்கு அப்படி உறுத்தல் இல்லை. ஆனால் யோசிக்கவே இல்லாத ஒரு பக்கத்தைக் காட்டினீர்கள். சின்ன முரல் மீனைக்கூட இழுத்துப் போட்டுவிட்டு வருவேன், இனி விட்டுவிடுகிறேன்.

காக்கா, செல்போனில் எடுத்த படங்களைத் தேதி வைத்துப் பார்த்தேன். வெறுங்கையோடு திரும்பிய நாட்களின் படங்களில் எல்லாம் கரையில் தாழை குவிந்து கிடக்கிறது, தண்ணீர் டீ நிறத்தில் இருக்கிறது. நேற்றுக் காலை உங்கள் பேச்சைக் கேட்டுப் புதுமடம் போனேன். அலையே இல்லை, கால் பெருவிரல் தெரிகிற மாதிரித் தண்ணீர். வெளிச்சம் வருகிற நேரத்தில் பாரை ஒன்று அடித்தது, பெரிய சைஸ் இல்லை, ஆனால் ரீல் கத்தின சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு! இரண்டு விளைமீனும் கிடைத்தது. கடைக்கு நேரமாகிவிட்டதே என்றுதான் திரும்பினேன், அலுத்துப்போய்த் திரும்பவில்லை.

ஆனாலும் பாசிக்கார அக்கா சொன்னது பொய் இல்லை. அங்கே போய்ச் சேருகிற வரை, இருட்டில் அந்த ரோட்டில் தனியாக வண்டி ஓட்டும்போது, திரும்பிவிடலாமா என்று வந்தது. பாரை அடித்தபோதும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், யாரிடம் காட்டுவது? காற்றைச் சரி பண்ணிவிட்டேன், இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கீழக்கரை காக்கா:

மாஷா அல்லாஹ், சந்தோஷம். பாரை அடித்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த அமாவாசையை ஒட்டி நீரோட்டம் கூடும்போது அதே இடத்தில் மறுபடி பாருங்கள். அஷ்டமியை ஒட்டி ஓட்டம் தணிந்திருக்கும், அப்போது அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீரில் இறங்கி வீசினால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள், அந்தப் பக்க மணலில் திருக்கை படுத்திருக்கும்.

பாம்பன் தங்கூசி:

தம்பி, ஆள் பிரச்சினைக்கு நான் இருக்கிறேன். எனக்கும் கூட வந்தவன் திருப்பூர் போய்விட்டான், நானும் பாதி நாள் படுத்துத்தான் கிடக்கிறேன், அதனால்தான் முதல் கேள்வியிலேயே தனியாகவா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி காற்றைப் பார்த்துவிட்டுத் தகவல் போடுகிறேன். தென்கடல் சரி என்றால் சனிக்கிழமை ஐந்து மணிக்கு உச்சிப்புளி ரயில்வே கேட் பக்கம் டீக்கடையில் நிற்பேன். இறால் என் பொறுப்பு, இரைக்குச் சாளை மீன் கிடைத்தால் நீங்கள் கொண்டு வாருங்கள்.

உச்சிப்புளிக்காரன்:

கட்டாயம் வருகிறேன் அண்ணே. நாலே முக்காலுக்கு நான் போன் எடுக்கவில்லை என்றால் விடாமல் அடித்துக்கொண்டே இருங்கள்.