மறுமொழி: கோகிரிஸ்டலுக்குக் ‘கூட்டுப்படிகம்’ பொருந்துமா?

வணக்கம்ங்க.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, கோகிரிஸ்டலுக்கு (cocrystal, இரண்டு பொருள்களின் மூலக்கூறுகள் சேர்ந்து அமையும் ஒரே படிகம்) சேலத்து ஐயா நீங்கள் சொன்ன ‘கூட்டுப்படிகம்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மடலில் யூடெக்டிக்குக்கு (eutectic, சேர்ந்த பொருள்களைவிடத் தாழ்ந்த வெப்பத்தில் உருகும் கலவை) ‘கூட்டுருகி’ என்றும் போட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் பிரித்தறியத்தான் மருந்தாக்க ஆய்வகத்தில் உருகுநிலையே பார்க்கிறோம். பெயரிலேயே இரண்டும் ஒட்டிக்கொண்டால் மாணவர் பாடு திண்டாட்டம்.

நம் ஈரோட்டு மஞ்சளையே எடுத்துக்கொள்ளலாம். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் லேசில் கரையாது. மருந்தாக்க நினைப்பவர்களுக்கு அது பெரிய தலைவலி. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் அஸ்வினி நாங்கியா குழு 2011இல் அதை ரிசார்சினாலோடு சேர்த்துக் கோகிரிஸ்டல் ஆக்கியது. அடுத்த ஆண்டு அதே குழு நிகோடினமைடோடு சேர்த்தபோது கிடைத்தது யூடெக்டிக். முன்னதில் இரு மூலக்கூறுகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்ந்து, குறிப்பிட்ட விகிதத்தில் ஒரே அணிக்கோவைக்குள் (lattice, படிகத்தில் மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கு) இருக்கின்றன. உருகுநிலை இரண்டு பொருள்களுக்கும் நடுவில் விழுகிறது. பின்னதில் புதிய அணிக்கோவை ஏதும் இல்லை. அதனதன் படிகம் அதனதற்கு. ஆனால் கலந்து சூடேற்றினால் இரண்டையும்விடக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். ஊசி போடுமுன் தோலை மரக்கச் செய்யும் களிம்பு ஒன்று இருக்கிறதே, அதில் உள்ள லிடோகெய்ன் 68 டிகிரியிலும் பிரிலோகெய்ன் 38 டிகிரி வாக்கிலும் உருகுபவை. சம அளவில் கலந்தால் 18 டிகிரி! அறை வெப்பத்திலேயே எண்ணெய்தான்.

அப்போ, நடுவில் உருகினால் கோகிரிஸ்டல், கீழே உருகினால் யூடெக்டிக் என்று சூத்திரம் போட்டுவிடலாமா? முடியாது. 2009இல் வந்த ஓர் ஆய்வுரையில் 50 கோகிரிஸ்டல்களை ஒப்பிட்டிருந்தார்கள்: 51 விழுக்காடு நடுவில், 39 விழுக்காடு இரண்டுக்கும் கீழே. அதனால் விகிதத்தை மாற்றி மாற்றி உருக்கி வரைபடம் போட வேண்டும். வெறும் யூடெக்டிக் என்றால் ஒரே பள்ளம். கோகிரிஸ்டல் என்றால் பெரும்பாலும் இரண்டு பள்ளம், நடுவே ஒரு மேடு.

உருகுநிலை பார்க்கும் மெல்லிய கண்ணாடிக் கேப்பிலரிக் குழாயிலேயே கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றும் உண்டு. வலிப்பு மருந்தான கார்பமசெபைன் 190 டிகிரியை ஒட்டி உருகும், நிகோடினமைடு 128 வாக்கில். இரண்டையும் சேர்த்து அரைக்காமல், சும்மா கலந்து அடைத்து, மெதுவாகச் சூடேற்றுங்கள். முதலில் குழாயின் உள்சுவரில் ஈரம் படியும், தூள் சுருங்கிக் கீழே இறங்கும். “உருகிடுச்சுங்க மேடம்” என்று பையன் குறித்துக்கொண்டு குழாயை உருவிவிடுவான். உருவாமல் பொறுத்திருந்தால் அந்த ஈரம் திரும்ப வெளுத்துக் கெட்டிப்படும். அப்புறம் 160ஐ ஒட்டி மறுபடி உருகும். முதலில் உருகியது யூடெக்டிக், அந்த உருகலுக்குள் பிறந்து பிறகு உருகியது கோகிரிஸ்டல். ஒரே குழாய்க்குள் இரண்டும் வருவதால்தான் பெயர்கள் விலகி நிற்க வேண்டும் என்கிறேன்.

என் பரிந்துரை: கோகிரிஸ்டலுக்கு இணைப்படிகம், யூடெக்டிக்குக்குத் தாழுருகு கலவை. கோகிரிஸ்டலில் மருந்தோடு சேரும் மற்றப் பொருளான கோஃபார்மருக்கு (coformer), தனிமம், சேர்மம் வரிசையில் இணைமம். ‘இணை’ என்றால் இணைகோடுதானே என்று கேட்பீர்கள். நம் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் செய்யும் அக்கா தங்கச்சியை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளையோடு சேர்ந்து நிற்பாள், சடங்கில் அவளுக்கென்று இடம் உண்டு, ஆனால் அவள் அவளாகவே இருப்பாள். இணைமமும் அப்படித்தான், புரோட்டானைக் கொடுத்து வாங்கிவிட்டால் அது உப்பு, வேறு கணக்கு.

---

சேலத்து ஐயா: இணைப்படிகமும் இணைமமும் எனக்குச் சம்மதம், அம்மிணி. ‘தாழுருகு’தான் இடிக்கிறது. இணைப்படிகத்திலும் 39 விழுக்காடு தாழ உருகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே?

---

சரியான கேள்விங்க ஐயா. இணைப்படிகம் தாழ உருகலாம், உருகாமலும் போகலாம். யூடெக்டிக் தாழ உருகியே தீரும். இல்லாவிட்டால் அது யூடெக்டிக்கே இல்லை. எப்போதும் மாறாத குணத்தைப் பெயரில் வைப்பதில் தப்பில்லை. இரண்டையும் பிரிக்கும் வேலையைக் ‘கலவை’ பார்த்துக்கொள்ளும். ஆனால் ‘கலப்புப்படிகம்’ என்று மட்டும் யாரும் சுருக்கிவிடாதீர்கள், அது திண்மக் கரைசலுக்கு (solid solution, ஒரு படிகத்துக்குள் இன்னொரு பொருள் விகிதக் கட்டுப்பாடில்லாமல் கலந்திருப்பது) வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு மறுப்பு வராவிட்டால் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.