அந்நியபாஷை வரலைன்னா அபிஷேகம் இல்லையா?

அமைதிப்புறா:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கூச்சமாதான் இருக்கு, ஆனாலும் கேட்டுடறேன். நான் வளந்தது பாட்டு புஸ்தகம் பாத்து அமைதியா ஆராதிக்கிற சபை, கல்யாணத்துக்கப்புறம் வீட்டுக்காரரோட பெந்தெகொஸ்தே சபைக்கு போறேன், அங்க ஜெபத்துல எல்லாருக்கும் அந்நியபாஷை, அதாவது ஆவியானவர் கொடுக்கிறதா சொல்ற கத்துக்காத பாஷை, வருது எனக்கு மட்டும் வரல. அது வந்தாத்தான் ஆவியோட அபிஷேகம் கிடைச்சதுன்றாங்க. அந்த அபிஷேகத்துக்காக ஜெபிக்கிற காத்திருப்பு கூட்டத்துல போன தடவை ஒரு அக்கா தலைல கைவச்சு அல்லேலூயா அல்லேலூயான்னு வேகமா சொல்லு, நாக்க ஃப்ரீயா விடுன்னாங்க, முக்கா மணி நேரம் முட்டிபோட்டு காலே மரத்துப்போச்சு, கடைசில ரபபா ஷரலான்னு ஏதோ சொன்னேன். உடனே கைதட்டி அபிஷேகம் வந்துருச்சுன்னுட்டாங்க. அது நானா சொன்னதுன்னு எனக்குத் தெரியும். பொய் சொல்லிட்டேனோன்னு தூக்கமே வரல.

மேலறை120:
சிஸ்டர், நானும் பெந்தெகொஸ்தேதான். பைபிள்ல அப்போஸ்தலர் 2, 10, 19 மூணு அதிகாரத்துலயும் ஆவி இறங்கினதும் பாஷை பேசினாங்க, அதான் முதல் அடையாளம்னு நாங்க நம்புறோம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்த 10ம் அதிகாரத்துல கொர்நேலியு வீட்டுல பேதுரு பேசிட்டு இருக்கும்போதே இறங்குச்சு, யாரும் நாக்க ஆட்ட சொல்லித்தரல. உங்களுக்கு நடந்தது தப்பு.

பெரேயா வாசகன்:
அடிப்படையே தப்புங்க. அப்போஸ்தலர் 2ல பார்த்தர் மேதர்னு பல தேசத்து ஜனங்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்க சொந்த பாஷைல கேட்டாங்க, அது நிஜ மொழி. 1906ல அமெரிக்காவுல அசுசா தெருவுல பெந்தெகொஸ்தே எழுப்புதல் கிளம்புனப்ப அவங்களே அப்படித்தான் நினைச்சாங்க, அங்கேர்ந்து ஆல்பிரட் கார்னு ஒருத்தர் வங்காளி தனக்கு வந்துருச்சுன்னு நம்பி கல்கத்தாவுக்கே போனாரு, அங்க அவரால வங்காளில பிரசங்கம் பண்ண முடியல. அப்புறம்தான் இது மனுஷனுக்கில்ல, ஜெபத்துக்குன்னு விளக்கம் மாறுச்சு. 1 கொரிந்தியர் 13:8 பாஷைகள் ஓயும்னு சொல்லுது, ஓஞ்சாச்சு.

மேலறை120:
அதே வசனத்துல அறிவும் ஒழிஞ்சுபோம்னு இருக்கே பிரதர், உங்க அறிவு ஒழிஞ்சிடுச்சா? 😀 அதே 1 கொரிந்தியர் 14:39ல பாஷை பேசுறத தடைபண்ணாதேன்னு இருக்கு.

பெரேயா வாசகன்:
14:27, 28 படிங்க. மிஞ்சிப்போனா மூணு பேர், ஒவ்வொருத்தரா, அர்த்தம் சொல்ல ஆள் இல்லாட்டி சபைல வாய மூடணும். மைக்க வச்சிட்டு எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறதுக்கு வசனம் காட்டுங்க பாப்போம்.

மெழுகுதிரி:
நான் கத்தோலிக்க கரிஸ்மாட்டிக், எங்க ஜெபக்குழுவுலயும் அந்நியபாஷை உண்டு. ஒண்ணு கவனிச்சீங்களா, கிரேக்க மூலத்துல அப்போஸ்தலர் 2, 1 கொரிந்தியர் 14 ரெண்டு இடத்துலயும் நாக்குன்ற ஒரே வார்த்தைதான், ஆனா 1 கொரிந்தியர் 14ல உங்க வேதாகமம் அந்நியபாஷைன்னு போடுது, எங்க திருவிவிலியம் பரவசப்பேச்சுன்னு போடுது. மொழிபெயர்ப்பாளரே பாதி சண்டைய முடிச்சிட்டாரு. சாமரின்னு ஒரு மொழியியல் அறிஞர் 1972ல எழுதுனது, பேசுறவங்க தாய்மொழில இருக்கிற ஒலிகள்தான் பெரும்பாலும் கலைஞ்சு வருது, மொழிக்குண்டான இலக்கணம் இல்லைன்னு. அதனால அது ஜெபம் இல்லைன்னு ஆகிடாது, அழுகைக்கும் இலக்கணம் கிடையாது. ஆனா எல்லாருக்கும் வந்தே ஆகணும்னா 1 கொரிந்தியர் 12:30ல பவுல் ஏன் எல்லாரும் அந்நியபாஷை பேசுறாங்களான்னு கேக்கணும்? சிஸ்டர், நீங்க பொய் சொல்லல, உங்கள சொல்ல வச்சாங்க.

அமைதிப்புறா:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு எனக்கும் மொத தடவை அப்படித்தான், நிஜமா வந்தது அப்புறம்தான்னாரு. ஆறுதலா இருக்கா பயமா இருக்கான்னே தெரியல. அடுத்த கூட்டத்துக்கு போவேன், ஆனா அந்த அக்காகிட்ட அன்னைக்கு வந்தது ஆவியில்லன்னு முதல்ல சொல்லிட்டுதான் முட்டிபோடுவேன்.