மானிப்பாய் வீட்டுக் குழு: மைனரும் கொதிக்கிற கொயிலும்

ஞாயிறு

குகன், 10:14: ஆனையிறவு வெளியில் நிற்கிறோம். எங்கட பழைய மொறிஸ் மைனர் கார் திரும்பவும் நின்றுவிட்டது. அரை மணித்தியாலம் ஆற விட்டால் ஸ்ரார்ட் வரும், பத்துக் கட்டை போனதும் நிற்கும்.

பெரியம்மா, 10:15: வெயிலுக்குள் நிற்காதேயுங்கோ. தண்ணி இருக்கோ?

குகன், 10:15: இருக்கு பெரியம்மா. பிளக்குக்குப் பொறி கொடுக்கிற கொயில் கொதிக்குது, உங்கட துவாயை நனைத்து அதற்கு மேல் போட்டிருக்கிறேன்.

பெரியம்மா, 10:16: எந்தத் துவாய்?

ரகு மாமா (டொராண்டோ), 10:21: கொயில் சுடுதோ? படம் அனுப்பு.

குகன், 10:23: கை வைக்க முடியவில்லை மாமா. 📷

ரகு மாமா, 10:26: இது ஆர் செய்த வேலை? கொயில் ஏன் காபரேற்றர் பக்கம் தொங்குது?

குகன், 10:27: போன மாதம் பற்றரி சார்ஜ் பண்ணுகிற டைனமோவைக் கழற்றி, அதற்குப் பதிலாக ஓல்ரனேற்றர் போட்ட கராஜில் செய்தது. கொயில் வைக்க இடமில்லை என்று பிளாஸ்ரிக் பட்டியால் கட்டிவிட்டார்கள்.

ரகு மாமா, 10:34: மைனரில் கொயில் டைனமோவின் முதுகில் படுத்திருக்கும். பட்டி பூட்ட டைனமோவிலேயே இரண்டு ஓட்டை உண்டு. பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புகிற டிஸ்ரிபியூற்றரும் அந்தப் பக்கம்தான், கிட்டடியில். காபரேற்றரும் புகை போகிற சூடான மனிபோல்ட்டும் எதிர்ப்பக்கம். ஓல்ரனேற்றரில் அந்த ஓட்டைகள் இல்லை, சரி. அதற்காகக் கொண்டுபோய் அடுப்புக்கு மேல் கட்டுவதா?

சிவா அண்ணா, 10:40: பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடின யுத்த காலத்திலும் இவள் இப்படி நடுவழியில் நின்றதில்லை. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டால் போதும், புகையோடு பருத்தித்துறை வரை போவாள்.

ரகு மாமா, 10:41: அப்ப கொயில் இருந்த இடத்தில் இருந்தது. குகன், இன்னொன்று. பழைய மைனர் பொசிற்றிவ் ஏர்த், பற்றரியின் + முனையைக் காரின் உடம்போடு இணைத்திருக்கும். ஓல்ரனேற்றருக்காக நெகற்றிவ் ஏர்த் ஆக்கியிருப்பார்கள். கொயில் வயர் இரண்டையும் மாற்றினார்களோ?

குகன், 10:44: டிஸ்ரிபியூற்றருக்குப் போகிற வயர் + முனையில் இருக்கு.

ரகு மாமா, 10:47: அப்ப மாற்றவில்லை. இப்போது சுவிச்சிலிருந்து வருவது +இல், டிஸ்ரிபியூற்றருக்குப் போவது −இல் இருக்க வேண்டும். பிளக்கின் நடுக்கம்பிதான் கூடச் சுடும், நெகற்றிவ் அந்தப் பக்கம் இருந்தால் பொறி லேசாகப் பாயும். தலைகீழாகவும் ஓடும், ஆனால் கொயில் கூட வோல்ட் கொடுக்க வேண்டிவரும். வீட்டுக்கு வந்து ஆற விட்டு, வயரைக் கழற்றி மீற்றரால் அளந்து சொல்லு.

குகன், 18:52: ஒருமாதிரி வந்து சேர்ந்தோம். இரண்டு சின்ன முனைகளுக்கும் நடுவில் 1.5 ஓம்.

ரகு மாமா, 19:05: அட. நான் காலையிலிருந்து இடத்தையே திட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் காருக்கு 3 ஓம் கொயில் வேண்டும். 1.5 ஓம், கொயிலுக்குப் போகிற கரண்டைக் குறைக்கிற பலாஸ்ற் ரெசிஸ்ரர் உள்ள கார்களுக்கானது. அது இல்லாமல் நேரே 12 வோல்ட் கொடுத்தால் இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். டிஸ்ரிபியூற்றருக்குள் கொயிலின் கரண்டை வெட்டி வெட்டி விடுகிற பொயின்றையும் பார்.

குகன், 19:20: கருகி நடுவில் குழி விழுந்திருக்கு.

ரகு மாமா, 19:22: புதுசு போடு. இடைவெளி 15 தவ், அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பதினைந்து.

புதன்

குகன், 17:30: 3 ஓம் கொயில் வாங்கியாச்சு. ரெகுலேட்டர் பெட்டி இருந்த இடத்தில், என்ஜினுக்குப் பின்பக்கத் தடுப்பான பயர்வாலில் இரண்டு ஓட்டை சும்மா கிடக்கு. டைனமோவில் இருந்த பழைய பட்டி அதற்குப் பொருந்துது. பெயின்றைச் சுரண்டி ஏர்த் எடுக்க வேணுமோ?

ரகு மாமா, 17:38: வேண்டாம். உள்ளே பெரிய சுற்றின் மறுமுனை சின்னச் சுற்றோடு சேர்த்திருக்கு, கூட்டுக்கு ஏர்த் தேவையில்லை. ஆடாமல் இருந்தால் போதும். ஆனால் பட்டியை மூச்சைப் பிடித்து முறுக்காதே, கொயிலின் தகடு மெல்லிசு. நெளிந்தால் உள்ளே இருக்கிற எண்ணெய் கசியும்.

சிவா அண்ணா, 17:40: அங்கேயிருந்து டிஸ்ரிபியூற்றருக்கு வயர் எட்டுமோ?

குகன், 17:51: எட்டவில்லை அண்ணா. நீளமானது ஒன்று வெட்டிப் போட்டேன், மனிபோல்ட் பக்கம் போகாமல்.

வெள்ளி

குகன், 13:10: கிளிநொச்சி போய் வந்தாச்சு, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கொயில் சுடுது, ஆனால் கை வைத்துக்கொண்டிருக்கலாம்.

பெரியம்மா, 13:12: என்ர துவாய்?

குகன், 13:30: 📷

பெரியம்மா, 13:31: அதைக் காரிலேயே வைத்திரு.