தோள்சீலைப் போராட்டம் பற்றிய ஒலி நிறுவல்: துணியில் சத்தம் எழவில்லை, என்ன செய்யலாம்?

தக்கலை ஒலிக்கூடு:
தென் திருவிதாங்கூரில் சாணார் (இன்றைய நாடார்) பெண்களின் மேலாடை உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் பற்றிய நிறுவல், நாகர்கோவிலில் ஒரு கூடத்தில் வைக்கிறோம். தொங்கவிட்ட பருத்தித் துணிகளிலிருந்தே குரல் வரணும். 25 வாட்ஸ், 4 ஓம் எக்ஸைட்டரை (ஒட்டிய பொருளையே அதிரவைத்து ஒலி எழுப்பும் கருவி) துணியில் ஒட்டினால் கொசு ரீங்காரம்தான் கேட்குது. அந்த உரிமை பற்றிய 1859 அரசு அறிக்கையை ஒருவர் வாசிப்பார், நடுநடுவே துணி கிழிபடும் சத்தம். முலைவரியை எதிர்த்து மார்பை அறுத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் நங்கேலி கதையும் சேர்க்கலாமா? கான்கிரீட் கூடம், எதிரொலியில் வார்த்தை குழம்புது.

பனங்காடு:
துணிக்கு விறைப்பு கிடையாது மக்களே, அதிர்வு ஒட்டின இடத்திலேயே அடங்கிடும். கஞ்சி போட்டாலும் பெரிசா மாறாது. 3 மி.மீ. ப்ளைவுட், 60க்கு 90 செ.மீ., மேல் மூலை இரண்டிலும் கயிறு கட்டித் தொங்கவிடுங்க. சுவரில் ஆணி அடிச்சா பலகை ஊமையாயிடும். எக்ஸைட்டரை நட்டநடுவில் ஒட்டாதீங்க. பலகையின் பல அதிர்வுகளுக்கு அந்த இடத்தில் அசைவே இருக்காது. நீளம், அகலம் இரண்டிலும் ஐந்தில் இரண்டு பங்கில் வையுங்க. துணி பலகைக்கு 5 செ.மீ. முன்னால் தொங்கட்டும். மெல்லிய பருத்தி சத்தத்தை மறைக்காது. லைனிங் மட்டும் கூடாது.

நாள் முழுக்க ஓடினா எக்ஸைட்டர் சூடேறி டேப் வழுகும். பின்னால் ஒரு ரீப்பர் கட்டை முட்டுக்கொடுங்க. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான தாழ்ந்த ஒலியை வெட்டி, பாதி பவருக்கு மேல் போகாம இருந்தா உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகாது.

குமரிக்கீற்று:
கிழிபடும் சத்தத்தை எடுத்துடுங்க. மூணாவது தடவையே அது சினிமா எஃபெக்ட் ஆயிடும். 1998இல் டெக்சாஸின் ஜாஸ்பரில் ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவரை வெள்ளையர் மூவர் வண்டியில் கட்டி இழுத்துக் கொன்றார்கள். அதை நினைவூட்டி 2000இல் கிறிஸ்டியன் மார்க்லே என்ற கலைஞர், ஆம்ப்ளிஃபையரோடு இணைத்த எலக்ட்ரிக் கிட்டாரை லாரியில் கட்டி இழுத்துப் பதிவு செய்தார். அதில் மனித அலறலே இல்லை. கேட்பவர் மனசுதான் மிச்சத்தை நிரப்புது.

உங்களுக்கு உடுத்தும் சத்தமே போதும்: உதறுவது, தோளில் போடுவது, முடிச்சு இறுக்குவது. ராத்திரியில் ஃபேனை நிறுத்திட்டு, கண்டன்சர் மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்து எடுங்க. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் வெளியில் எடுக்கவே வேண்டாம். மைக்குக்குப் போடும் எந்த ஃபர் கவரும் தாங்காது.

நங்கேலி வேண்டாம். அது சேர்த்தலையில் சொல்லப்படும் முலைவரிக் கதை. இது தென் திருவிதாங்கூரில் நடந்தது, ஆவணம் இருக்கு. 1829 அறிக்கை சாணார் பெண்களுக்கு மேல்சீலை உரிமையை மறுத்தது. 1859 ஜூலை 26 அறிக்கை ரவிக்கை போடலாம், முக்குவ (மீனவ) பெண்களைப் போல முரட்டுத்துணி சுற்றலாம் என்று அனுமதித்தது. உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கியும் வைத்தது. அந்தக் கொக்கியை மட்டும் தனிப் பலகைக்குக் கொடுங்க, வாசலுக்குப் பக்கத்தில், மற்றதைவிட 6 டெசிபல் குறைவா.

தக்கலை ஒலிக்கூடு:
நன்றி. அந்த வரியை அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் பாணியில், திரும்பத் திரும்ப ஓடும் இரண்டு லூப்பாக்கி, ஒன்றிலிருந்து ஒன்று மெல்ல விலகும்படி போட்டால்?

பனங்காடு:
ரைஷ் 1966இல் டேனியல் ஹாம் என்ற ஹார்லெம் இளைஞரின் வாக்குமூலத்தை அப்படிச் செய்தார். வார்த்தை கரைந்து வெறும் ஒலியாகும். உங்க வரி புரிந்தே ஆகணும், அதனால் அதில் செய்யாதீங்க. முடிச்சு இறுக்கும் சத்தத்தில் செய்து பாருங்க. 4 நொடி லூப், இன்னொன்று 20 மில்லிசெகண்ட் குறைவு. முதல் சுற்றில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும், பத்து சுற்று முடிந்ததும் 200 மில்லிசெகண்ட் விலகி இரண்டு கைகள் கட்டுவது போலப் பிரியும். இரண்டையும் ஒரே பிளேயரில் ஓட்டுங்க, தனித்தனி பிளேயர் என்றால் விலகல் உங்க கணக்குக்கு நிற்காது.

எதிரொலிக்கு, பலகைக்கு எதிர்ச் சுவரில் சாக்குப் படுதாவைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்க. ஒட்டிப் போட்டா கீச்சுதான் குறையும், பேச்சின் குழப்பம் போகாது.